ஒன்றுதான் வாங்க முடியும்: 9 இஞ்ச் கத்தரியா, ரோட்டரி கட்டரா?

பளுகல் அக்கா:
ஓணத்துக்கு முன்னால் பாலராமபுரம் கைத்தறியில் இரண்டு பிளவுஸ், ரேயானில் மகளுக்கு இரண்டு சுடிதார் டாப் தைத்து முடிக்க வேண்டும். இத்தனை நாள் சமையலறைக் கத்தரியை வைத்தே ஓட்டினேன். போன வாரம் அது ரேயானை வெட்டவில்லை, மென்றது. ஓரம் முழுக்கப் பிசிறு. கையில் இருக்கும் காசுக்கு நல்ல டெய்லர் கத்தரி ஒன்று வாங்கலாம், இல்லையென்றால் ரோட்டரி கட்டரும் (கைப்பிடி நுனியில் வட்டப் பிளேடு உருண்டு வெட்டும்) துணிக்கு அடியில் விரிக்கிற மேட்டும் சேர்ந்த செட் வாங்கலாம். மேசை கிடையாது, தரையில் விரித்துத்தான் வெட்டுவேன். எது வாங்கட்டும்?

பாறசாலை டெய்லர்:
கத்தரி வாங்குங்க அக்கா. கைப்பிடி மேல்பக்கம் வளைந்திருக்கிற கத்தரி. அதன் கீழ் அலகு தரையோடு தரையாக நகரும், துணி எழும்பாது. சமையலறைக் கத்தரிக்குக் கைப்பிடி நேராக இருக்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் துணியைத் தூக்கித்தான் ஆக வேண்டும், அதில் மேல் மடிப்பும் கீழ் மடிப்பும் விலகிவிடும். உங்கள் ரேயான் கெட்டதில் பாதி இதனால்தான். பழைய வண்டி இரும்பிலிருந்து செய்கிற மீரட் கத்தரிக்கு 2013-ல் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள். அந்த மாதிரி ஒன்று வாங்கினால் சாணை பிடித்துப் பிடித்து வருடக்கணக்கில் ஓட்டலாம். கட்டருக்கோ பிளேடு வாங்கி மாளாது.

மார்த்தாண்டம் மருமகள்:
அண்ணே, நீங்கள் வலதுகைக்காரர், தொழிலாகவும் செய்கிறீர்கள். நான் இடதுகைக்காரி. கடையில் கிடைக்கிற கத்தரி பெரும்பாலும் வலது கைக்கு. அதை இடது கையில் பிடித்து அமுக்கினால் இரண்டு அலகும் ஒன்றோடொன்று சேராமல் விலகும், துணி நடுவில் மாட்டி மடங்கும். மேல் அலகு சாக்பீஸ் கோட்டையும் மறைத்துவிடும். எட்டு வருடம் கோணல் கோணலாக வெட்டிவிட்டு, எனக்குத்தான் கை வரவில்லை என்று நினைத்திருந்தேன். பல ரோட்டரி கட்டர்களில் பிளேடைக் கழற்றி மறுபக்கம் மாட்டினால் இடது கைக்கு ஆகிவிடுகிறது. ரேயான், கிரேப் மாதிரி வழுக்குகிற துணியில் பிளேடு உருண்டு போகும், துணி அசையவே அசையாது. அக்கா, உங்கள் மகளும் தைக்கப் பழகுகிறாளா? எந்தக் கை?

பளுகல் அக்கா:
மகள் இடதுகைதான்! இதை நான் யோசிக்கவே இல்லை.

பாறசாலை டெய்லர்:
இடது கை விஷயம் சரி, அதை மறுக்க மாட்டேன். ஆனால் மேட்டையும் கணக்கில் எடுக்கணும். செட்டோடு வருகிற மேட் பெரும்பாலும் 18-க்கு 24 இஞ்ச். சுடிதார் டாப் உயரம் 42 இஞ்ச். பாதி வெட்டி, மேட்டை அடியில் நகர்த்தி, மறுபடி வெட்டணும். அந்த நகர்த்தலில் ரேயான் ஓடிவிடாதா? இன்னொன்று, குண்டூசி மேல் பிளேடு ஒரு தடவை ஏறினால் ஒரு இடத்தில் முனை மழுங்கும். 45 மில்லிமீட்டர் பிளேடின் சுற்றளவு ஏறக்குறைய 14 சென்டிமீட்டர். அப்புறம் 14 சென்டிமீட்டருக்கு ஒரு இடத்தில் இரண்டு நூல் வெட்டாமல் நிற்கும். அதை எடுக்கக் கடைசியில் கத்தரியைத்தான் தேடுவீர்கள்.

மார்த்தாண்டம் மருமகள்:
குண்டூசியே போடுவதில்லை அண்ணே. கடையில் வாங்கிய பழைய அரைக் கிலோ படிக்கல் நாலு வைத்திருக்கிறேன், துணி மேல் அதை வைத்து வெட்டுவேன். ஆர்ம்ஹோலுக்கும் (கை இணைகிற வளைவு) கழுத்துக்கும் 28 மில்லிமீட்டர் பிளேடு. பெரிய பிளேடு வளைவில் கோட்டைத் தாண்டி உள்ளே போய்விடும், அதனால் பட்டிருக்கிறேன். மேட்டை நகர்த்துவது சிரமம்தான். முன்பக்கத்தைத் தனியாக, பின்பக்கத்தைத் தனியாக வெட்டுகிறேன், நேரம் கூடத்தான் ஆகிறது. சின்னப் பிள்ளை இருந்தால் ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் பிளேடு மூடியைத் தள்ளியே ஆகணும். ஓரம் மட்டும் கத்தரியில் வராத அளவுக்குச் சுத்தமாக இருக்கும்.

செங்கோட்டை வீடு:
நடுவில் வருகிறேன். எங்கள் பக்கம் சாரல் தொடங்கினால் இரும்பெல்லாம் துருப்பிடிக்கும், உங்கள் பக்கம் மழை இன்னும் அதிகம். கத்தரி வாங்கினால் வெட்டி முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, திருகில் ஒரு சொட்டு மெஷின் ஆயில் விடுங்கள். தேங்காய் எண்ணெய் விட்டால் நாளாகிப் பிசுபிசுத்துக் கத்தரி இறுகிவிடும். சாணையும் யாரிடம் என்று பார்த்துக் கொடுங்கள். தெருவில் வந்த ஒருவர் அரிவாளையும் என் கத்தரியையும் ஒரே மாதிரி தீட்டினார், அலகின் உள்பக்கத்தையும் சேர்த்து. உள்பக்கம் தேய்ந்தால் இரண்டு அலகும் சேர்ந்து உரசாது, அப்புறம் நுனி வெட்டவே வெட்டாது. எண்ணூறு ரூபாய்க் கத்தரி. இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பாறசாலை டெய்லர்:
அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். துணி வெட்டுகிற கத்தரியால் காகிதம், நூல்கண்டு அட்டை எதையும் வெட்டக்கூடாது. அக்கா, கைத்தறியைத் துவைத்துக் காய வைத்துவிட்டு வெட்டுங்கள், கஞ்சி போனதும் சுருங்கும். நேராக வெட்ட, ஓரத்தில் குறுக்கு இழை ஒன்றைப் பிடித்து மெதுவாக இழுங்கள். அந்த இழை போன இடம் மெல்லிய கோடாகத் தெரியும், அதன் மேலேயே கத்தரியை விடுங்கள். எந்த ஸ்கேலும் அவ்வளவு நேர் காட்டாது. வெட்டும்போது ஒவ்வொரு தடவையும் கத்தரியை முழுக்க மூடாதீர்கள். மூடினால் ஓரம் படிபடியாக வரும்.

மார்த்தாண்டம் மருமகள்:
இழை இழுப்பது நல்ல வழி, நானும் கைத்தறிக்கு அப்படித்தான் செய்கிறேன். ஆனால் ரேயானுக்கு என் பேச்சு மாறாது. மகளுக்கு இடது கை கத்தரியாவது தேடுங்கள் அக்கா. அவள் கையில் வலது கைக் கத்தரியைக் கொடுத்துவிட்டு, உனக்கு வரவில்லை என்று சொல்லிவிடாதீர்கள்.

பளுகல் அக்கா:
இந்த வருடம் கைத்தறி இரண்டும் எனக்கு, அதனால் 9 இஞ்ச் கத்தரியே வாங்கிக்கொள்கிறேன். மார்த்தாண்டம் மருமகளே, ரேயானை மகள் உங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்து வெட்டினால் சரிப்படுமா? சனிக்கிழமை அந்தப் பக்கம்தான் வருகிறோம்.

மார்த்தாண்டம் மருமகள்:
தாராளமாக வாருங்கள். கடைக்குப் போகும்போது ரேயான் துண்டு ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதை நாலாக மடித்து, கத்தரியின் நுனியால் மட்டும் வெட்டிப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.