முதல் காசு உள்ளாடைக்கு: பிரிட்டனுக்குப் புதிதாக வந்த திருநம்பி, திருநங்கையருக்கு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கமிருந்து படிப்புக்கோ வேலைக்கோ பிரிட்டன் வந்து இறங்கும் திருநம்பிகளும் (பெண் என்று வளர்க்கப்பட்டு ஆணாக வாழ்பவர்கள்) திருநங்கைகளும், இரண்டிலும் சேராமல் தம் போக்கில் உடுத்த நினைப்பவர்களும், வாடகை அறை அமைந்த கையோடு கேட்பது துணிமணியைப் பற்றித்தான். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: முதல் காசு உள்ளாடைக்குப் போகட்டும். சட்டை, பேண்ட், ஸ்வெட்டர், குளிருக்கான கோட்டு கூட, கடைத்தெருவில் தொண்டு நிறுவனங்கள் நடத்தும் சாரிட்டி கடைகளில் பழையதாக, நல்லதாகக் கிடைத்துவிடும். உள்ளே போடுவதை அப்படி வாங்க முடியாது. மேலே போட்ட சட்டை எப்படி நிற்கும் என்பதையும் அதுதான் முடிவு செய்கிறது.

கடைக்குப் போகுமுன் ஒரு தையல் டேப் வாங்குங்கள். ஆளும் பேருமாக இருக்கும் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அளவெடுக்க ஊரில் வாய்த்திருக்காது. இங்கே அறை உங்களுடையது. மார்பு பருத்த இடத்தில் ஒரு சுற்று, அதற்குக் கீழே ஒரு சுற்று, இடுப்பு, இடுப்புக்குக் கீழே அகன்ற இடம், தோளுக்குத் தோள். எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சட்டையில் அச்சடித்திருக்கும் ‘எம்’, ‘எல்’ எழுத்துகளை நம்பாதீர்கள், கடைக்குக் கடை மாறும்.

திருநம்பிகளுக்கு முதலில் பைண்டர், அதாவது மார்பைத் தட்டையாகக் காட்டும் இறுக்கமான உள்ளாடை. இரண்டு அளவுக்கு நடுவே வந்தால் பெரியதையே எடுங்கள். சிறியதைப் போட்டால் இன்னும் தட்டையாகும் என்ற ஆசையில்தான் விலாவில் வலியும் மூச்சிரைப்பும் வருகின்றன. ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது, ஓடக் கூடாது. கை மரத்தாலோ குத்துவலி வந்தாலோ எந்தக் கூட்டத்தில் இருந்தாலும் கழிவறைக்குப் போய்க் கழற்றிவிடுங்கள். ஊரில் வேறு வழியில்லாமல் கிரேப் பேண்டேஜ் சுற்றிப் பழகியவர்கள் பலர். அது அசைய அசைய இறுகும். ஒட்டு டேப் இன்னும் மோசம், தோலோடு உரிந்து வரும். இந்த இரண்டையும் பெட்டியிலேயே வைக்காமல் வாருங்கள்.

விமானத்துக்கும் இதே கணக்குதான். சென்னையிலிருந்து லண்டனுக்கு நேர் விமானமே 10 மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். காரைக்குடியில் கிளம்பிய நேரத்தைச் சேர்த்தால் ஒரு பகலும் ஓர் இரவும் ஆகிவிடும். பைண்டர் பெட்டிக்குள் இருக்கட்டும். ஸ்போர்ட்ஸ் பிராவும் அதன் மேல் தொளதொளப்பான சட்டையும் போதும். உடல் வடிவுக்காக உள்ளாடைக்குள் பஞ்சோ சிலிக்கோனோ வைத்திருப்பவர்களை ஸ்கேனர் நிறுத்தக்கூடும். பதற வேண்டாம், தனி அறையில் சோதனை செய்யுங்கள் என்று கேட்கலாம்.

மாதவிலக்கு நாட்களுக்கு உறிஞ்சும் துணி வைத்துத் தைத்த பாக்ஸரே இங்கு விற்கிறது. சாதாரண பாக்ஸரில் நாப்கின் நிற்காது. ஆண்கள் கழிவறையில் நாப்கின் போடும் தொட்டி பல இடங்களில் இருப்பதில்லை, பையில் ஒரு கவர் வைத்திருங்கள்.

உயரம் குறைந்தவர்கள் சிறுவர் பிரிவையும் ஒரு சுற்று பார்க்கலாம். தோளும் கையும் சரியாக அமையும். பிரிட்டனில் சிறுவர் உடைக்கு விற்பனை வரி கிடையாது என்பதால் விலையும் குறைவு. பதின்மூன்று வயதுப் பையனுக்கான சட்டையோடு வரிசையில் நின்றால் எவரும் எதுவும் கேட்பதில்லை. தம்பிக்கு வாங்குகிறேன் என்று கதை கட்டும் வேலையும் மிச்சம்.

திருநங்கைகளுக்குச் சிக்கல் வேறு. விலாச் சுற்று பெரிதாகவும் கப் சிறிதாகவும் இருக்கும் பிரா, அதாவது 38, 40 அளவில் ஏ கப், கடையில் எளிதில் கிடைப்பதில்லை. பின்பக்கக் கொக்கியோடு சேர்த்து மாட்டும் நீட்டுத் துண்டு தனியாக விற்கிறது. அது ஒன்று இருந்தால் சின்ன அளவும் உட்காரும். ஹார்மோன் சிகிச்சை தொடங்கியவர்களுக்கு மார்பு நோகும், அதனால் கம்பி வைத்தது வேண்டாம், மெத்தென்ற பருத்தி போதும். அளவு மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் டஜன் கணக்கில் வாங்கிக் குவிக்காதீர்கள். கீழே, முன்பக்கத்தைத் தட்டையாகக் காட்டும் ‘கேஃப்’ என்ற இறுக்கமான உள்ளாடை போதும், ஒட்டு டேப் வேண்டாம், வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுங்கள். வெளியே கழிவறை தேட வேண்டுமே என்று நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்களைப் பார்க்கிறேன். சிறுநீர்த் தொற்று வந்து படுத்தால் பார்க்க ஆயாவா வரப்போகிறார்?

இணையத்தில் வாங்கினால், பொருள் கைக்கு வந்த 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லித் திருப்பி அனுப்பும் உரிமை இங்கு உண்டு. ஆனால் சுகாதார முத்திரை ஒட்டிய உள்ளாடையின் முத்திரையைப் பிரித்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். பிரிக்குமுன் அளவைச் சரிபாருங்கள்.

துவைப்பதில் ஒரு சொல். பலர் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் வீட்டில் எல்லாரும் துணியை டிரையரில் போடுவார்கள். பைண்டரும் கேஃபும் அந்தச் சூட்டில் நெகிழ்ந்து வீணாகும். கையால் அலசி அறைக்குள்ளேயே காயப்போடுங்கள். ஊரில் வளவு முற்றத்துக் கொடியில் துண்டுக்கு அடியில் மறைத்துக் காயவைத்த பழக்கம் இங்கே தேவையில்லை, நாற்காலி முதுகில் விரித்தே போடலாம்.

ஊருக்கு விடுமுறையில் போகும்போது இதெல்லாம் தலைகீழ். கத்திரி வெயிலில் பைண்டர் போட்டால் வியர்க்குரு பொங்கிவிடும். பருத்திப் பனியனும், இரண்டு பக்கமும் பை வைத்த கட்டம் போட்ட சட்டையும் போதும், கட்டமும் பையும் மார்பின் வளைவைத் தெரியாமல் மறைத்துவிடும். கல்யாணத்துக்கு வெள்ளைச் சட்டை, வேட்டி என்றால் உள்ளே வெள்ளைப் பனியன் வேண்டாம், பளிச்சென்று தெரியும். தோல் நிறத்தில் ஒன்று போடுங்கள். துண்டை நெடுக மடித்துத் தோளில் தொங்கவிட்டால் மீதி வேலையை அது பார்த்துக்கொள்ளும். அப்பத்தா கூட ‘பெரிய மனுசன் ஆகிவிட்டாயே’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

திருநங்கைகளுக்கு நம் ஊர்க் கண்டாங்கியை மிஞ்சிய சேலை இல்லை என்பேன். கனத்த பருத்தி, நழுவாது, உள்ளிருப்பதைக் காட்டாது. 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்த பின் கடைக்காரர்கள் விலையைக் கூட்டிச் சொல்கிறார்கள், பேரம் பேசுங்கள். உள்பாவாடை நாடா இடுப்பை அறுக்கும் என்றால் அகலப் பட்டி வைத்துத் தைக்கச் சொல்லலாம். ரவிக்கைக்குத் தையல்காரர் டேப்போடு நெருங்குவது கூச்சமாக இருந்தால், சரியாக அமைந்த ஒன்றை அளவு ரவிக்கையாகக் கொடுத்துவிடுங்கள். கைக்குழியை இறக்கி வெட்டச் சொல்லுங்கள், இரண்டு பக்கத் தையலிலும் உள்ளே தாராளமாகத் துணி விடச் சொல்லுங்கள். உடம்பு மாறினால் அடுத்த விடுமுறையில் பிரித்துக்கொள்ளலாம்.