வலிப்புள்ள நாயைத் தத்தெடுத்தவர்களின் அனுபவங்கள்

கருப்பி வீட்டார், தாம்பரம்:
காப்பகத்தில் ‘எப்போதாவது வலிப்பு வரும்’ என்று சொல்லித்தான் கருப்பியைக் கொடுத்தார்கள். ஆகவே யாரையும் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. வலிப்பைக் கட்டுப்படுத்தும் கார்டினால் (பீனோபார்பிட்டால்) மாத்திரை தொடங்கிப் பத்து நாள்கூட ஆகாத நிலையில், ஒருநாள் பின்னிரவு மூன்று மணிக்கு, கட்டிலுக்கடியில் அவளுடைய நகங்கள் தரையைப் பிறாண்டும் ஒலி கேட்டு எழுந்தேன். உதறல் ஒன்றரை நிமிடத்தில் அடங்கிவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்றும் உறுத்துகிறது. சிறுநீரில் நனைந்த உடலோடு தள்ளாடி எழுந்தவள் என்னைப் பார்த்தாள்; நான் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. பெயர் சொல்லி அழைத்ததும் பல்லைக் காட்டி உறுமினாள். நான் வெளியே வந்து கதவைத் தாழிட்டுவிட்டேன். உள்ளே அவள் சுவரில் முட்டி முட்டி நடக்கும் ஓசையை இருபது நிமிடம் கேட்டுக்கொண்டு நின்றேன். கதவைத் திறந்தபோது வாலை ஆட்டியபடி நேராகச் சோற்றுத் தட்டிடம் ஓடினாள்.

மணியின் அக்கா, மதுரை:
எங்கள் மணிக்கு முதன்முதலாக வலிப்பு வந்தபோது, மனிதர்களுக்குச் செய்வதைப் போலவே அப்பா பீரோவின் சாவிக்கொத்தை அதன் முன்னங்கால்களுக்கிடையே திணித்தார். நாக்கை விழுங்கிவிடுமோ என்று அஞ்சி வாய்க்குள் விரலையும் விட்டார். நாய் நாக்கை விழுங்காது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. விரலில் கடி ஆழமாகப் பட்டதால், மணிக்கு ஆண்டுதோறும் தடுப்பூசி போட்டிருந்தும் அப்பா வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கொண்டார். எனக்கு நினைவில் நிற்பது கடியன்று. அந்த உதறலில் சாவிக்கொத்து சலங்கை போல ஒலித்துக்கொண்டே இருந்தது. இப்போதும் மாலையில் யாராவது பூட்டைத் திறந்தால் என் கண் முதலில் மணியைத்தான் தேடுகிறது.

கோவை வாசகர்:
கார்டினால் பயன் தரவில்லை என்னும் தொனி முதற்பதிவில் இருப்பது ஏற்புடையதன்று. அம்மருந்து இரத்தத்தில் நிலையான அளவை எட்டவே ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். பன்னிரண்டு மணிக்கொரு முறை தவறாமல் கொடுக்க வேண்டும். வலிப்பு நின்றுவிட்டதென்று நாமாகத் திடீரென நிறுத்தினால் முன்பைவிடக் கடுமையாக வரக்கூடும். வலிப்பின்போது தொடாமல், மேசை நாற்காலிகளை நகர்த்திவிட்டு, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, 24 மணி நேரத்தில் இரண்டு மூன்று முறை வந்தாலோ, உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். தேதி, நேரம், எத்தனை நொடி என்பவற்றைக் குறிப்பேட்டில் எழுதி, முடிந்தால் காணொளியும் எடுத்து வைப்பது நல்லது. ஆறு மாதத்துக்கொருமுறை கல்லீரல் பரிசோதனையும் மருந்தளவுப் பரிசோதனையும் தேவை. உண்ணிக்குக் கொடுக்கும் மென்மாத்திரைகளில் சில வகைகள் வலிப்பைத் தூண்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் எச்சரித்தது. அதையும் கேட்டறிந்தே கொடுக்க வேண்டும். எங்கள் நாய் நான்காண்டுகளாக இம்மருந்தில்தான் இருக்கிறது. மருந்தால் வந்த பசியில் ஒருமுறை ஒரு தட்டு இட்லியைத் துணியோடு தின்றுவிட்டது.

நாகை மீனவர் வீட்டுப் பெண்:
கோவை அன்பர் எல்லா வலிப்பையும் ஒன்றாகக் கருதுகிறார். எங்களுடையது, நாய்களின் மூளையையும் தாக்கும் டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோயில் பிழைத்த தெருநாய். தூக்கத்திலும் இடது முன்னங்கால் துடித்துக்கொண்டிருக்கும். கார்டினால் மாத்திரை மட்டும் போதாமல் பொட்டாசியம் புரோமைடு என்னும் இன்னொரு வலிப்பு மருந்தும் சேர்த்தார்கள். உணவில் உப்பின் அளவு மாறக்கூடாது என்று சொல்லப்பட்டதை நான் வீட்டில் சொல்ல மறந்துவிட்டேன். நான் வெளியூர் போயிருந்த நாள்களில் அத்தை பாசத்தோடு அதற்குத் தினமும் கருவாட்டுச் சோறு போட்டிருக்கிறார். உப்பு கூடினால் சிறுநீரகம் புரோமைடை விரைவாக வெளியேற்றிவிடும். நான் திரும்பிய அன்று ஒரே நாளில் மூன்று வலிப்பு வந்தது. அத்தைக்குக் காரணத்தை நான் இன்னும் சொல்லவில்லை. கருவாடு வேண்டாம் என்றதை முள்ளுக்காக என்றே அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

கருப்பி வீட்டார், தாம்பரம்:
கோவை ஐயாவுக்கு: மருந்தைப் பற்றி நான் குறையேதும் சொல்லவில்லை, கதவைப் பற்றித்தான் எழுதினேன். ஐந்து வாரமாகக் கருப்பிக்கு வலிப்பு இல்லை. வலிப்புக்குப் பின் சிறிது நேரம் பார்வை தெரியாமலும் இருக்கலாம் என்றும், இருட்டும் அமைதியும் தேவை என்றும் மருத்துவர் விளக்கினார். ஆகவே மறுமுறையும் தாழிடத்தான் போகிறேன். அப்போது நான் கதவுக்கு உள்ளே இருப்பேனா வெளியே இருப்பேனா என்பதை மட்டும் இன்னும் முடிவு செய்யவில்லை.