ஷெல்லன்பெர்க் குன்றை நான் காத்த கதை

மேசைமேல் பழைய போர்களை ஆடிப் பார்க்கும் விளையாட்டில், குன்றைத் தாக்கும் ஆட்டம் என்றால் பெரும்பாலானோர் தாக்கும் பக்கம்தான் கேட்பார்கள். எனக்குக் காக்கும் பக்கம் பிடிக்கும். மார்பளவு உயரமுள்ள காப்புச் சுவருக்கு, அதாவது மார்புச்சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, மேலே ஏறி வருபவர்களைச் சுடுவதில் ஒரு நிம்மதி இருக்கிறது. ஷெல்லன்பெர்க்கில் அந்த நிம்மதி பாதி ஆட்டம்கூட நிற்கவில்லை.

களம் 1704 ஜூலை 2, ஸ்பானிய வாரிசுரிமைப் போர். பவேரியாவுக்குள் நுழைய, கூட்டணிப் படையை நடத்திய ஆங்கிலேயத் தளபதி மார்ல்பரோவுக்கு டான்யூப் ஆற்றின் மேல் ஒரு பாலமும், சரக்கு வைக்க ஒரு நகரமும் வேண்டும். இரண்டும் டோனாவொர்த்தில் இருந்தன. நகரை ஒட்டி நிற்கும் குன்றுதான் ஷெல்லன்பெர்க். அதன் மேல் கவுண்ட் டார்க்கோவின் பவேரிய, பிரெஞ்சுப் படை, ஏறக்குறைய 12,000 பேர். கூடவே ஸ்வீடன் மன்னர் குஸ்தாவ் அடால்ஃப் காலத்துப் பழைய கோட்டை ஒன்று. குன்றுக்கும் நகருக்கும் நடுவே இருந்த அரண் வேலை மட்டும் முடியவில்லை. விடிந்தால் முடித்துவிடுவார்கள் என்பதால்தான் மார்ல்பரோ மாலை 6 மணிவாக்கில் தாக்கினார். எங்கள் ஆட்டத்திலும் அப்படித்தான்: இருட்டும் வரை குன்று என் கையில் இருந்தால் எனக்கு வெற்றி.

மேசையில் என் வலப்பக்கம் அடர்ந்த காடு, இடப்பக்கம் நகரம். மார்ல்பரோ பக்கம் ஆடிய நண்பர் வர முடிந்த வழி நடுவில் இருந்த சரிவு மட்டுமே. அவர் முதல் அலையைக் குறுகிய முகப்பில் நெருக்கி நிறுத்தினார். இது வரலாற்றில் நடந்ததுதான். ஒவ்வொரு வீரர் கையிலும் சுள்ளிக்கட்டு. அகழியை நிரப்பிக் கடப்பதற்காக.

அந்தச் சுள்ளிக்கட்டுக்கு நாங்களே ஒரு விதி எழுதியிருந்தோம். அன்றைக்கு ஏறி வந்தவர்கள் நடுவில் இருந்த ஒரு பள்ளமான வண்டிப்பாதையை அகழி என்று நினைத்து, கட்டுகளை அதில் போட்டுவிட்டார்கள். உண்மையான அகழிக்கு வந்தபோது கை காலி. இதைப் படித்த எந்த ஆட்டக்காரரும் அந்தத் தவறைத் திரும்பச் செய்ய மாட்டார், இல்லையா? அதனால் முடிவைப் பகடையிடம் விட்டோம். பாதையை எட்டியதும் உருட்ட வேண்டும். மூன்றுக்குள் விழுந்தால் கட்டுகள் போச்சு. அவருக்கு இரண்டு விழுந்தது. நான் சிரித்ததை அவர் இன்னும் மன்னிக்கவில்லை.

முதல் அலை மார்புச்சுவருக்குச் சற்று முன்னால் நின்று கரைந்தது. இரண்டாவதும் அப்படியே. ஆனால் அவருடைய பீரங்கிகள் சும்மா இருக்கவில்லை. குன்றின் உச்சி தட்டையானது. சுவரைத் தாண்டும் குண்டு பின்னால் நிற்கும் இருப்புப் படையில் போய் விழும். அங்கே இருந்த என் பிரெஞ்சு கிரனேடியர்கள் (தேர்ந்தெடுத்த காலாட்கள்) ஒரு முறைகூடச் சுடாமலே மெலிந்துபோனார்கள். அவர்களை இன்னும் பின்னால் தள்ளி வைக்கலாம்தான், ஆனால் சுவரில் ஓட்டை விழுந்தால் ஓடி வந்து அடைக்க நேரம் இருக்காது.

மூன்றாவது அலையில் ஓட்டை விழுந்தது. கிரனேடியர்கள் போதவில்லை. பக்கத்தில் இருந்தது யார்? நகரை நோக்கிய முடியாத அரணில் நின்ற இரண்டு பட்டாலியன்கள்.

மார்ல்பரோவின் கூட்டாளியான பாடன் இளவரசர் லூயியின் படை அந்தப் பக்கமாகத்தான் வந்து நுழையும் என்று எனக்குத் தெரியும். 1704இல் அதுதான் நடந்தது: காவலர்களில் பலர் மேலே இழுக்கப்பட்டார்கள், நகரக் காவல்படை மதிலுக்குள் ஒதுங்கியது, காலியாகக் கிடந்த அரணை இளவரசரின் ஆட்கள் கடந்து வந்தார்கள். தெரிந்து என்ன செய்வது? அந்தப் பட்டாலியன்களை நகர்த்தாவிட்டால் குன்று இந்தச் சுற்றிலேயே போய்விடும். நகர்த்தினால் இரண்டு சுற்று கழித்துப் போகும். சரி, இரண்டு சுற்று லாபம் என்று நகர்த்தினேன்.

நண்பர் அமைதியாகச் சொன்னார்: "இந்த ரெண்டையும் நீ நகர்த்தணும்னுதான்யா நான் நாலு பட்டாலியனை இழந்தேன்."

மார்ல்பரோவின் அந்த நேர்த்தாக்குதலை வெறும் முரட்டுத்தனம் என்று எழுதுபவர்களோடு அதற்குப் பிறகு எனக்கு ஒத்துப்போவதில்லை. விலை பயங்கரம்தான். கூட்டணிப் படையில் இறந்தவர்களும் காயம்பட்டவர்களும் 5,000 பேர் அளவுக்கு. அதன் டச்சு ஜெனரல் வான் கோர் அங்கேயே இறந்து விழுந்தார். மோர்டான்ட் தலைமையில் முன்னால் போன 80 பேரில் மிகச் சிலரே மிஞ்சினார்கள். ஆனால் உச்சியில் அந்த அழுத்தம் இல்லாவிட்டால் என் இடப்பக்கம் காலியாகியிருக்காது. ஒருவேளை நண்பர் ஆட்களை மிச்சம் பிடித்து இரண்டாவது அலையோடு நிறுத்தியிருந்தால், இளவரசர் வரும்போது அந்த இரண்டு பட்டாலியன்களும் இடத்திலேயே இருந்திருக்கும், இருட்டும் வந்திருக்கும்.

அப்புறம் நடந்தது வேகமாக முடிந்தது. பக்கவாட்டில் அடி, படை நிற்குமா ஓடுமா என்று பார்க்கும் மன உறுதிச் சோதனை, ஓட்டம். உண்மையான போரில் தப்பியோடியவர்களின் பாரம் தாங்காமல் டான்யூப் பாலம் ஒன்று இடிந்து பலர் மூழ்கிப்போனார்கள். டார்க்கோவின் படையில் பாதிக்கு மேல் திரும்பவில்லை. அந்தப் பாலத்துக்கு நாங்கள் விதியே எழுதவில்லை, அதனால் என் ஆட்கள் வரலாற்றைவிட அதிகமாகவே பிழைத்தார்கள். அடுத்த ஆட்டத்துக்குள் விதி எழுதியாக வேண்டும் என்று நண்பர் பிடிவாதமாக இருக்கிறார். அப்போது குன்று அவர் பக்கம் என்பதால், எனக்கு அதில் ஆட்சேபணை எதுவும் இல்லை.