சிறுநீரகத்துக்குக் ‘காயம்’ வேண்டாம்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் சிறுநீரகத்தைக் கணினி கண்காணிக்கிறதே, அந்த ஏற்பாட்டுக்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். அது கண்டுபிடித்துச் சொல்லும் நோய்க்கே இன்னும் சரியான பெயர் அமையவில்லை என்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன். சிறுநீரகத்தின் வேலை சில மணி நேரத்திலோ சில நாளிலோ திடீரெனக் குறைந்துபோவதுதான் ‘அக்யூட் கிட்னி இஞ்சுரி’. அதைக் ‘கடுமையான சிறுநீரகக் காயம்’ என்று எழுதுவதை விட்டுவிடுவோம்.

தேவிபட்டினம் பக்கம் கரிமூட்டத்துக்குக் கருவேலம் வெட்டப் போன என் சித்தப்பாவைக் கண்ணாடி விரியன் கடித்தது. விரியன் விஷம் இரத்தத்தை உறையவிடாது, சிறுநீரகத்தையும் கெடுக்கும். மருத்துவமனைக் கட்டிலோரம் தொங்கிய சிறுநீர்ப் பையின் மேல்பகுதியில் கோடு போட்ட சின்னக் குடுவை. மணிக்கொரு தரம் செவிலியர் குனிந்து அளவு பார்த்து, தாளில் குறித்துவிட்டு, குடுவையைச் சாய்த்துப் பைக்குள் வடியவிடுவார். உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு அரை மில்லிலிட்டராவது சிறுநீர் பிரிய வேண்டும். சித்தப்பா 60 கிலோ, ஆக 30 மில்லி. அன்று இரவு ஒரு தடவைகூட 20ஐத் தாண்டவில்லை. காலையில் ‘கிட்னியில் காயம்’ என்றார்கள். சித்தி திகைத்துப்போய்க் கேட்டார்: “பாம்பு கால்லதானே கடிச்சுச்சு, கிட்னியில எப்படி அடிபட்டுச்சு?”

அந்தக் கேள்வி நியாயமானது. தமிழில் காயம் என்றால் அடி, வெட்டு, இரத்தம். ‘கடுமை’யும் பொருந்தாது. அக்யூட் என்பது இங்கே திடீரென வந்ததைத்தான் குறிக்கிறது; நோயின் முதல் நிலை லேசானதாகவே இருக்கலாம். ‘செயலிழப்பு’ என்றால் எல்லாம் முடிந்தது போல ஒலிக்கிறது. மருத்துவர்களே 2004க்குப் பிறகு ‘ஃபெயிலியர்’ என்ற பழைய பெயரைக் கைவிட்டது, சிறு சரிவையும் முன்கூட்டியே பிடிக்க வேண்டும் என்பதால்தான்.

என் பரிந்துரை ‘சிறுநீரகச் சடுதித்தொய்வு’. ‘சடுதி’ இலங்கைத் தமிழில் இன்றும் புழங்குகிறது, நம் கரையிலும் பெரியவர்கள் ‘சடுதியா வா’ என்பார்கள். ‘தொய்வு’ எல்லோருக்கும் தெரிந்ததுதான். படகு கட்டிய கயிறு தொய்ந்தால் இழுத்துக் கட்டுகிறோம், அறுந்துவிட்டது என்று சொல்வதில்லை. இந்த நோயிலும் பலருக்குச் சிறுநீரகம் மீள்கிறது.

‘இஞ்சுரி என்ற பொருள் போய்விடுமே’ என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். சிறுநீரக நோய்களுக்கு வழிகாட்டுநெறி வகுக்கும் சர்வதேச அமைப்பான கேடிகோவின் 2012 வரையறையைப் பாருங்கள்: சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின், இரத்தத்தில் 48 மணி நேரத்துக்குள் டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் ஏறுவது, 7 நாளுக்குள் ஒன்றரை மடங்காவது, அல்லது 6 மணி நேரம் சிறுநீர் அந்த அரை மில்லிக்குக் கீழே இருப்பது. மூன்றுமே சிறுநீரகத்தின் வேலை குறைந்ததைத்தான் அளக்கின்றன. ஆகவே தொய்வுதான் துல்லியம்.

சரி, கணினிக்கு வருவோம். அது பழைய கிரியேட்டினின் அளவைத் தேடி எடுத்துப் புதியதோடு ஒப்பிடும்; மணிவாரிச் சிறுநீரைக் கூட்டிப் பார்க்கும்; எல்லை தாண்டினால் மருத்துவருக்குச் சொல்லும். இங்கிலாந்து அரசு மருத்துவமனை ஆய்வகங்களில் இப்படி ஒப்பிடும் கணக்குமுறையைச் சேர்க்க 2014இல் உத்தரவிட்டார்கள். இதற்குத் ‘தொய்வுணர்த்தி’ போதும். கணினி செய்கிறது என்பதைப் பெயரில் ஏற்ற வேண்டியதில்லை.

‘யூரின் அவுட்புட்’டுக்கு ‘நீர்ப்போக்கு’ மட்டும் வேண்டாம், வயிற்றுப்போக்கு நினைவு வந்துவிடும். சித்தி தினமும் கேட்டது ‘நீர் பிரியுதா?’ என்றுதான். அதனால் ‘நீர்பிரி அளவு’ என்கிறேன். வார்டில் வேலை பார்க்கும் செவிலியர் யாராவது இங்கே இருந்தால், இதைத் தாளின் தலைப்பில் எழுதினால் புரியுமா என்று சொல்லுங்கள்.