இலை நிறம் மாறுறதைப் பாக்க மலைப்பக்கம் போனவை, கண்டதைச் சொல்லுங்கோ

முள்ளியவளை, ஓய்வுபெற்ற ரீச்சர்:

மகள் கனடாவிலை, ஸ்காபரோவிலை இருக்கிறா. புரட்டாதிக் கடைசியிலை வரச்சொல்லி ரிக்கற் போட்டிட்டா. "அம்மா, இலையெல்லாம் சிவக்கிற நேரம், மலைப்பக்கம் காரிலை கூட்டிக்கொண்டு போறன்" எண்டு போனிலை ஒரே கதை. இஞ்ச காலபோக விதைப்பு தொடங்கிற நேரத்திலை வயலை ஆரிட்டையோ குடுத்திட்டு இலை பாக்கப் போறன் எண்டால் அயலட்டை சிரிக்குது. சிரிக்கட்டும். அவவுக்கு சனி ஞாயிறு மட்டும்தான் லீவு, சின்னப் பேரப்பிள்ளையள் இருக்கினம், எனக்கு முழங்கால் நோ. எப்ப போறது, எந்த ரோட்டாலை போறது? விளம்பரத்திலை வாறது வேண்டாம். நேரிலை பாத்தவை எழுதுங்கோ.

ஸ்காபரோ, சொந்த இடம் மாங்குளம், லொறி ஓடுறனான்:

ரீச்சர், திகதியைக் கட்டிப் பிடிக்காதேங்கோ. எங்கடை ஆக்கள் கனபேர் ஒக்டோபர் ரண்டாவது திங்கள் வாற தாங்க்ஸ்கிவிங் லீவுக்குத்தான் வெளிக்கிடுவினம். ரொறன்ரோவுக்கு வடக்கை இருக்கிற அல்கோன்குவின் பூங்காவிலை சுகர் மேப்பிளின்ரை செம்மஞ்சளும் சிவப்பும் அனேகமா செப்டெம்பர் கடைசிக் கிழமையிலையே உச்சத்துக்கு வந்திடும். லீவுக்குப் போறவைக்குக் கிடைக்கிறது கூடுதலா ஆஸ்பென், பேர்ச் மரங்களின்ரை மஞ்சள். அதுவும் வடிவுதான், ஆனால் மகள் படத்திலை காட்டின நிறம் அதில்லை. ஒன்ராறியோப் பூங்காக்களின்ரை இணையத்திலை எந்தப் பூங்கா எவ்வளவு மாறியிருக்கு எண்டு அறிக்கை போடுவினம். மகளை அதைப் பாக்கச் சொல்லுங்கோ.

வாகன அனுமதி ஐந்து நாளுக்கு முன்னமிருந்து இணையத்திலை எடுக்கலாம். இந்தக் காலத்துச் சனிக்கிழமை அனுமதி கெதியா முடிஞ்சுபோம். அனுமதி இல்லாமல் வாசல் மட்டும் போய்த் திரும்பின குடும்பங்களைக் கண்டிருக்கிறன், பிள்ளையள் பின் சீற்றிலை அழுதுகொண்டு. மகளுக்கு ஒரு வெள்ளிக்கிழமை லீவெடுக்க ஏலுமெண்டால் அந்த லீவு காசை விடப் பெறுமதி.

ரோட்டு 400, பேந்து 11, ஹன்ற்ஸ்வில்லிலை 60க்குத் திரும்பவேணும். நெரிசலில்லாட்டி மூண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட. விடிய முன்னம் வெளிக்கிடுங்கோ. பூங்காவுக்குள்ளை 60ஆம் ரோட்டு 56 கிலோமீற்றர் ஓடுது, ஒவ்வொரு இடத்தையும் கிலோமீற்றர் இலக்கத்தாலைதான் சொல்லுவினம். 40க்குக் கிட்ட ஒரு பாறை உச்சி இருக்கு, எல்லாரும் அங்கைதான் படமெடுக்க ஏறுவினம். செங்குத்து ஏற்றம், உங்கடை முழங்காலுக்குச் சரிவராது. 43இலை பார்வையாளர் நிலையம். காரை விட்டிட்டு உள்ளாலை நடந்தால் பின்பக்கத்திலை ஒரு மேடை, அதிலையிருந்து காடு முழுக்கத் தெரியும். கக்கூசும் இருக்கு.

போன முறை எங்கடை மாமி வட்டக்கச்சியிலையிருந்து வந்து நிண்டவ. அந்த மேடையிலை கொஞ்ச நேரம் பேசாமல் நிண்டிட்டு, "தம்பி, இந்தக் காடு தண்ணியில்லாமல் சாகுதோ?" எண்டு கேட்டா. பக்கத்திலை எல்லாரும் ஆ ஊ எண்டு படமெடுக்கினம், இவ மரத்துக்குக் கவலைப்படுறா. எனக்குச் சிரிப்பு வரேல்லை, ஏனெண்டால் அவ கேட்டது சரியான கேள்வி. பதில்தான் தெரியேல்லை.

பொழுதுபட முன்னம் பூங்காவை விட்டு வெளியிலை வாங்கோ. அந்த மாதங்களிலை மூஸ் இணை தேடித் திரியிற காலம். எங்கடை மரையின்ரை பெரியப்பா எண்டு வையுங்கோ. காலே அவ்வளவு உயரம், உடம்பு கார் லைற்றுக்கு மேலை நிக்கும், கிட்ட வரும்வரை கண்ணுக்குப் பிடிபடாது. ஓமந்தைப் பக்கம் இரவிலை யானைக்குப் பயந்து ஓடினவனுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. கனடாவிலை பிறந்த பிள்ளையளுக்குத்தான் விளங்கப்படுத்தவேணும்.

மற்றது, மகள் 'மலை' எண்டு சொன்னாலும் அல்கோன்குவின் மேட்டுநிலம்தான். மலை எதிர்பாத்துப் போகாதேங்கோ.

மொன்றியல், சொந்த இடம் புதுக்குடியிருப்பு:

மலைதான் வேணுமெண்டால் கேப் பிரெட்டன், கனடாவின்ரை கிழக்குக் கரையிலை இருக்கிற தீவு. கபொட் ரெயில் எண்ட சுற்று ரோட்டு, முந்நூறு கிலோமீற்றருக்குக் கிட்ட, ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கம் மலை. நிறம் ஒக்டோபர் முன்பாதியிலை, அல்கோன்குவினுக்குப் பிந்தித்தான் வரும். ஸ்காபரோவிலையிருந்து சனி ஞாயிறிலை நடக்கிற காரியமில்லை, விமானமெடுத்து ஒரு கிழமை வேணும். ரீச்சருக்கு இந்த முறை வேண்டாம், மற்றவைக்காக எழுதுறன்.

கனபேர் மலை உச்சியிலைதான் நிறம் எண்டு நினைச்சு மேலை ஏறி நிப்பினம். அங்கை மேலை சமதரையிலை இருக்கிறது பச்சை ஊசியிலை மரம். மேப்பிள், பேர்ச் எல்லாம் பள்ளத்தாக்குச் சரிவிலை. ஏறேக்கையும் இறங்கேக்கையும் பாக்கவேணும், அதுக்கு நிப்பாட்டுற இடங்கள் விட்டிருக்கினம். இன்னொண்டு: அங்கை வாகனம் ரோட்டின்ரை வலப்பக்கத்தாலை ஓடுறபடியால், மணிக்கூட்டுக்கு எதிர்த் திசையிலை சுத்தினால் நீங்கள் கடல் பக்க ஓரத்திலை. மணிக்கூட்டுத் திசையிலை போனால் மலையோடை ஒட்டி. எங்கடை அவருக்குப் பள்ளத்தைக் கண்டால் கை நடுங்கும், அதாலை நாங்கள் மலையோடை ஒட்டிப் போனனாங்கள். காட்சி குறைவு, ஆனால் சண்டை இல்லை.

கிளிநொச்சி, விஞ்ஞானம் படிப்பிக்கிறனான்:

மாங்குளத்து அண்ணையின்ரை மாமி கேட்டதுக்கு மறுமொழி. மரம் சாகேல்லை, கணக்கு முடிக்குது. ரொறன்ரோவிலை கோடையிலையும் மாரியிலையும் பகலின்ரை நீளம் ஆறு மணித்தியாலத்துக்கு மேலை வித்தியாசப்படும். வன்னியிலை அது சுமார் ஒரு மணித்தியாலம்தான். பகல் குறுகுறதை அந்த மரம் உணர்ந்து, குளிர் வரமுன்னம் இலையிலை இருக்கிற சத்தை உள்ளுக்கு இழுக்கும், பச்சையத்தை உடைக்கும். மஞ்சள் நிறமி ஏற்கெனவே இலையிலை இருந்ததுதான், பச்சை போகத் தெரியுது. சிவப்பு அப்பிடியில்லை. அந்தோசயனின் எண்ட நிறமி, இலை விழுற முன்னம் புதுசா உண்டாகிறது. பகலிலை நல்ல வெயில், இரவிலை உறையாத குளிர் இருந்தால் சிவப்புத் தூக்கலா வரும். முகில் மூடின வருசத்திலை மங்கல். அதாலைதான் ஒவ்வொரு வருசமும் ஒவ்வொரு மாதிரி. பேந்து காம்படியிலை ஒரு படை உண்டாகி இலை கழண்டு விழும்.

எங்கடை காட்டிலை பாலையும் வீரையும் வருசம் முழுக்கப் பச்சையா நிக்கும். இலையுதிர்க்கிற மரங்கள் கோடை வறட்சிக்குத்தான் உதிர்க்கும், குளிருக்கில்லை. மாமிக்குத் தண்ணி நினைவு வந்ததிலை பிழையே இல்லை.

சூரிச், சொந்த இடம் வவுனியா:

சுவிஸிலை பாக்கப் போறது மேப்பிளை இல்லை, லார்ச்சை. ஊசியிலை மரம், ஆனால் ஊசியை உதிர்க்கும். அதுக்கு முன்னம் முழு மரமும் பொன் நிறமாகும். எங்கடின் எண்ட மலைப் பள்ளத்தாக்கிலை ஒக்டோபர் நடுவிலையிருந்து கடைசிக்குள்ளை.

நாங்கள் யூலியர் கணவாயாலை போனனாங்கள், 2,284 மீற்றர். சூரிச்சிலை அண்டைக்கு ஒரே புகார், சாம்பல் வானம். "இதுக்குள்ளை என்னத்தைப் பாக்கிறது" எண்டு மனிசி வீட்டிலை நிக்கப் பாத்தா. ஒக்டோபரிலை கீழை புகார் மூடினால் மேலை பெரும்பாலும் வெயில். கணவாய்க் கமராப் படம் இணையத்திலை இருக்கு, வெளிக்கிட முன்னம் அதைப் பாத்தால் போதும். ஏற ஏற ஒரு வளைவிலை புகாருக்கு மேலை வந்திட்டம். கீழை வெள்ளைக் கடல், மேலை நீல வானம். அவ அதுக்குப் பிறகு புகாரைப் பற்றிக் கதைக்கேல்லை.

ஃபூர்கா, சுஸ்ரன் மாதிரிக் கணவாயள் பனி விழுந்தால் மூடிப்போடுவினம், யூலியரும் பெர்னினாவும் மாரியிலையும் திறந்துதான் இருக்கும். மஞ்சள் தபால் பஸ் வளைவுக்கு முன்னம் மூண்டு சுரத்திலை ஹோர்ன் அடிக்கும். கேட்டவுடனை ஓரத்திலை நிப்பாட்டி, ட்றைவர் கை காட்டுறபடி செய்யவேணும். இறக்கத்திலை பிறேக்கிலை காலை வைச்சுக்கொண்டே வராதேங்கோ, கியரைக் குறையுங்கோ. தட்டை ரோட்டிலை ஓடிப் பழகின எங்களுக்கு இதுதான் கடைசியாப் பிடிபடுற விசயம்.

வவுனியா, வான் ஓடுறனான்:

கியர் விசயம் நூற்றுக்கு நூறு. றம்பொடை இறக்கத்திலை பிறேக் மணக்க மணக்க வந்த வாகனங்களுக்குத் தண்ணி ஊத்தினது எனக்குத் தெரியும்.

வெளிநாட்டிலையிருந்து வாற குடும்பங்கள் சில பேர் ஒக்டோபரிலை நுவரெலியாவுக்கு 'ஓட்டம்' (autumn, இலையுதிர் காலம்) பாக்கக் கூட்டிப்போகச் சொல்லுகினம். குளிர் இருக்கு, மலை இருக்கு, அப்ப இலையும் சிவக்கும்தானே எண்டு அவையின்ரை கணக்கு. எங்கடை அப்பாக்கள் 1977 கலவரத்தோடை மலையகத்திலையிருந்து வந்து இஞ்ச குடியேறினவை. அவையிட்டைக் கேட்டால் அந்த மாதத்திலை மலை எப்பிடி எண்டு சொல்லுவினம்: மத்தியானத்துக்குப் பிறகு இடியும் மழையும், மண்சரிவுப் பயம், ரோட்டிலை கல்லு. ஒரு மரமும் நிறம் மாறி நிக்காது. தேயிலை எப்பவும் பச்சை.

ஆனால் ஹோட்டன் சமவெளிப் பக்கம் முகில்காட்டு மரங்கள் துளிர் விடேக்கை உச்சி சிவப்பா இருக்கும். கனடாவிலையிருந்து வந்த ஒரு பொடியன் அதைக் கண்டிட்டு, "இதுதானே ஓட்டம்" எண்டு துள்ளினான். நான் மறுக்கேல்லை, நல்ல பிள்ளை. மலையகம் போறதெண்டால் தை, மாசி. காலமை வெளிக்கிட்டு, மத்தியானத்துக்குள்ளை உச்சியைப் பாத்து முடிச்சிடவேணும்.

கிளிநொச்சி, விஞ்ஞானம் படிப்பிக்கிறனான்:

அந்தப் பொடியன் பாதி சரி. துளிர்ச் சிவப்பும் அந்தோசயனின்தான். அங்கை சாகப்போற இலையிலை, இஞ்ச பிறந்த இலையிலை.

ஒட்டுசுட்டான், வயல் செய்யிறனான்:

நானும் வாசிச்சுக்கொண்டு வந்தனான். ஆர் எங்கை போனாலும் போங்கோ, ஆனால் வன்னியிலை ஒண்டுமில்லை எண்டு எழுதாதேங்கோ. கூழா மரம் துளிர் விடுறதைப் பாத்தனீங்களோ? மாசி, பங்குனியிலை பழைய இலையைக் கொட்டிப்போட்டு, முழு மரமும் செக்கச் சிவப்பாத் துளிர்க்கும். சுத்திவர பாலை, வீரை எல்லாம் கரும்பச்சையா நிக்க, நடுவிலை தனிய ஒரு மரம். ரண்டு மூண்டு கிழமைதான், பேந்து அதுவும் பச்சை. போன முறை ஜேர்மனியிலையிருந்து வந்த மருமகன் மோட்டச்சைக்கிளை நிப்பாட்டிப் போட்டு, "மாமா, இது மேப்பிளோ?" எண்டு கேட்டார். கூழாம்பழம் திண்டிருக்கிறீரோ எண்டு கேட்டன். இல்லையாம்.

மலை இல்லை, அதை ஒத்துக்கொள்ளுறன். எங்கடை ரோட்டு தட்டை. ஆனால் அனுமதி எடுக்கத் தேவையில்லை, நெரிசல் இல்லை, ரீச்சருக்கு வீட்டுவாசல். மாங்குளத்திலையிருந்து ஒட்டுசுட்டான் ரோட்டாலை காலமை ஏழு மணிக்குள்ளை வந்தால் வெயில் சாய்வா விழேக்கை நிறம் நல்லா எடுக்கும். பின்னேரம் ஐஞ்சுக்குப் பிறகு காட்டுப் பக்கம் நிக்காதேங்கோ, யானை ரோட்டுக்கு ஏறும். ரீச்சர் அங்கையிருந்து வந்த பிறகு பேரப்பிள்ளையளையும் பள்ளிக்கூட லீவிலை கூட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கோ. மார்ச்சிலை அவையளுக்கு ஒரு கிழமை லீவு இருக்கெல்லோ?