பெங்களூர் பசவனகுடி நேஷனல் காலேஜில்தான் பிஎஸ்சி இயற்பியல் என்கிறாள் மகள். சேர்க்கலாமா?

அல்சூர்_அம்மா:
வணக்கம். மகள் இரண்டாம் பியூசி (பிளஸ் டூ) முடித்துவிட்டாள். சிஇடி நுழைவுத் தேர்வில் நல்ல ரேங்க், இன்ஜினியரிங் சீட் கிடைத்துவிடும். அவளோ நேஷனல் காலேஜில் பிஎஸ்சி இயற்பியல்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். தோழியோடு அங்கே ஒரு புதன்கிழமை அறிவியல் உரைக்குப் போய் வந்ததிலிருந்து இதே பேச்சு. "யார் வேணும்னாலும் எழுந்து கேள்வி கேக்கலாம்மா, பதில் சொல்றாங்க" என்கிறாள். அவள் அப்பா வாயே திறக்கவில்லை. என் அண்ணன்தான் போனில் சத்தம் போடுகிறார். கேள்வி கேட்கலாம் என்பதற்காக ஒரு காலேஜைத் தேர்ந்தெடுப்பார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜெயநகர்வாசி:
பிஎஸ்சி முடித்து ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதினால் ஐஐடிகளில் எம்எஸ்சி படிக்கலாம், டாடா இன்ஸ்டிட்யூட்டிலும் (ஐஐஎஸ்சி) மேலே படிக்க வழி உண்டு. படிக்கும்போதே நேரு கோளரங்கத்தில் பிஎஸ்சி மாணவர்களுக்கென்று வார இறுதியில் 'ரீப்' வகுப்புகள் நடக்கின்றன, அதையும் விசாரியுங்கள். ஒன்று மட்டும் அவளிடம் கேட்டுவிடுங்கள்: கணக்கு பிடிக்குமா? இயற்பியல் முழுக்கக் கணக்குதான்.

ஸ்ரீராமபுரம்_டர்னர்:
அம்மா, நான் அந்தக் காலேஜில் படித்தவன் இல்லை. ஐடிஐயோடு படிப்பு நின்றுவிட்டது, ஆசை நிற்கவில்லை. தொழிற்சாலையில் டர்னராக இருந்த காலத்திலிருந்து, ரிட்டையர் ஆன பிறகும், அந்தப் புதன்கிழமை உரைகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். உங்கள் மகள் சொல்வது எனக்கு நன்றாகவே புரிகிறது.

லேத்தில், அதாவது கடைசல் இயந்திரத்தில், எஃகைக் கடையும்போது வரும் சுருள் முதலில் வெள்ளி மாதிரி இருக்கும். சூடு ஏறினால் வைக்கோல் நிறம், அப்புறம் கத்தரிப்பூ நிறம், அப்புறம் நல்ல நீலம். நீலம் வந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஏன் நீலம் என்றால் ஒர்க்ஷாப்பில் யாரிடமும் பதில் இல்லை. ஒரு புதன்கிழமை ஒளியைப் பற்றி உரை. முடிந்ததும் எழுந்து நின்று, தெரிந்த கன்னடத்தில் இதைக் கேட்டேன். பேராசிரியர் கீழே வைத்த சாக்பீஸை மறுபடி எடுத்தார். பலகையில் இரண்டு கோடு போட்டார். சூட்டில் எஃகின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் உண்டாகிறது. படலத்தின் மேல்பக்கம் பட்டும் வெளிச்சம் திரும்புகிறது, அடியில் இருக்கும் எஃகில் பட்டும் திரும்புகிறது. இரண்டும் சேரும்போது சில நிறங்கள் அடிபட்டுப் போகின்றன, மிஞ்சியதைத்தான் நாம் பார்க்கிறோம். சூடு கூடக் கூடப் படலம் தடிக்கிறது, நிறமும் மாறுகிறது. நீலம் வருவது சுமார் 300 டிகிரியில். மழை ரோட்டில் சிந்திய எண்ணெயில் தெரியும் வர்ணமும் இதே கணக்கு என்றார். அந்தச் சுருளில் நீலச் சாயம் என்று எதுவுமே இல்லை! மறுநாள் வேலைக்குப் போய் ஒரு சுருளைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

என்னை யார் என்றோ என்ன படித்தாய் என்றோ அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பழக்கத்தை உண்டாக்கியவர் எச். நரசிம்மையா. கதர் வேட்டி, காந்தி குல்லாய், அதுதான் அவர் உடை. கௌரிபிதனூர் பக்கத்து ஏழைக் குடும்பம். படிப்பு ஆசையில் 1935-ல் நடந்தே பெங்களூர் வந்து நேஷனல் ஹைஸ்கூலில் சேர்ந்தவர். 1942 வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனார். அமெரிக்காவில் ஓஹியோ ஸ்டேட் யூனிவர்சிட்டியில் அணு இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கிக்கொண்டு இதே காலேஜுக்குத் திரும்பினார். 1962-ல் பெங்களூர் சயின்ஸ் ஃபோரத்தைத் தொடங்கினார், புதன்கிழமை உரைகள் அதன் வேலைதான். பெங்களூர் பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராகவும் இருந்தார். கல்யாணம் கிடையாது, காலேஜ் ஹாஸ்டல் அறைதான் வீடு. 2005-ல் காலமானார். எதையும் கேள்வி கேள், எளிதில் நம்பிவிடாதே என்று பையன்களிடம் சொல்லிக்கொண்டே இருந்த மனிதர்.

அதற்காக அங்கே எல்லா வகுப்பும் அப்படியே இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஒரு நாள் நேரில் போய் லேபைப் பாருங்கள், இப்போது படிக்கும் பிள்ளைகளிடம் பேசுங்கள். சம்பளத்துக்காகக் காலேஜ் தேடுவதைத் தப்பென்று சொல்ல மாட்டேன், நானும் குடும்பஸ்தன். ஆனால் கேள்வி கேட்கும் ஆசை எல்லாப் பிள்ளைக்கும் பதினெட்டு வயது வரை தங்குவதில்லை. உங்கள் பெண்ணிடம் தங்கியிருக்கிறது. அதற்குத் தீனி போடுகிற இடத்தை அவளே கண்டுபிடித்தும் வந்திருக்கிறாள். நான் என்றால் சேர்த்துவிடுவேன்.

அல்சூர்_அம்மா:
ஐயா, அவளிடம் படித்துக் காட்டினேன். அந்த நீலச் சுருளைப் பார்க்க வேண்டுமாம். கணக்கு பிடிக்குமா என்று கேட்டதற்கு ஒரு முறை முறைத்தாள், அதனால் பிடிக்கும் என்றே எடுத்துக்கொள்கிறேன். புதன்கிழமை அண்ணனையும் அழைத்து வரலாமா? அவர் காலேஜ் பக்கம் போனதில்லை.

ஸ்ரீராமபுரம்_டர்னர்:
தாராளமாக வரட்டும், டிக்கெட் எல்லாம் கிடையாது. அல்சூரில் மெட்ரோ ஏறி மெஜஸ்டிக்கில் கிரீன் லைன் மாறுங்கள், நேஷனல் காலேஜ் என்றே ஸ்டேஷன் இருக்கிறது. கிளம்பும் முன் அந்த வார உரை உண்டா, என்ன தலைப்பு என்று காலேஜில் கேட்டுக்கொள்ளுங்கள். சுருள் ஒன்று வீட்டில் வைத்திருக்கிறேன், கொண்டு வருகிறேன். ஓரம் பிளேடு மாதிரி வெட்டும், பாப்பாவைப் பார்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.