நம்ம வீடு குழு: உப்பு நார்த்தங்காய்

கவிதா: பெரியம்மா, சந்தையில நார்த்தங்காய் வந்திருக்கு. ரெண்டு கிலோ வாங்கிட்டேன். பாட்டி கை பக்குவத்துல உப்பு நார்த்தங்காய் போடணும். சொல்லுங்க.

பெரியம்மா: முதல்ல காயைப் பிரி. நல்லா விளைஞ்ச பச்சையும் லேசா மஞ்சள் ஓடினதும்தான் உப்புக்கு. முழுசா பழுத்தது ஊறினா குழைஞ்சிடும். அதைப் பிழிஞ்சு சாதம் கிளறிடு.

கவிதா: உப்பு எவ்வளவு?

பெரியம்மா: ரெண்டு கிலோவுக்கு கல்லுப்பு 350 கிராம். குறைச்சா பூஞ்சை பிடிக்கும். காயைக் கழுவித் துடைச்சு நிழல்ல உலர விடு. கத்தி, ஜாடி எதுலயும் ஈரம் கூடாது.

மீனா சித்தி: சுருளா நறுக்கணும் கவி. மேலேருந்து சுத்திச் சுத்தி, விரல் கனத்துக்கு, அறுந்துடாம. தூக்கிப் பிடிச்சா ஸ்பிரிங் மாதிரி தொங்கணும். அந்த இடுக்குல உப்பை அடைச்சு மூடினா திரும்ப முழுக்காய் மாதிரி உட்காரும். கொட்டையை எடுத்துடு, கசக்கும்.

கவிதா: அலுமினிய டப்பா பரவாயில்லையா?

பெரியம்மா: வேண்டவே வேண்டாம், புளிப்பு அரிச்சிடும். பீங்கான் ஜாடி, இல்ல கண்ணாடி. வாயை வேட்டித் துணியால கட்டு. தினம் குலுக்கு. அஞ்சு நாள்ல தோல் துவண்டு, தண்ணி விட்டிருக்கும்.

கவிதா: அப்புறம் நேரா வெயில்ல வச்சிடலாமா?

மீனா சித்தி: இங்கதான் எல்லாரும் அவசரப்படுவாங்க. காலைல காயை மட்டும் எடுத்துக் காய வை, ஜாடியையும் வெயில்ல வை. சாயந்திரம் காயைத் திரும்ப அதே உப்புத் தண்ணியில போடு. தண்ணி மொத்தமும் காய்க்குள்ள இழுத்துக்கிற வரைக்கும் இப்படியே. ஒரேயடியா காய வச்சா மேல் தோல் விறைச்சுக்கும், உள்ள ஈரம் நிக்கும், அங்கதான் கெடும்.

பெரியம்மா: தண்ணி வத்தினப்புறம் நல்லா மொறமொறன்னு காயட்டும். மழைக்கால இருட்டு இருந்தா இந்த வேலையே ஆரம்பிக்காத.

கார்த்தி: அத்தை, பழைய ஜாடியில மேல வெள்ளையா இருக்கே, கெட்டுப்போச்சா? 📷

பெரியம்மா: நகத்தால சுரண்டிப் பாருப்பா. நறநறன்னு உதிர்ந்தா உப்பு பூத்தது. பஞ்சு மாதிரி ஒட்டி, மக்கின வாடை வந்தா பூஞ்சை, தூக்கிப் போட்டுடு.

கார்த்தி: நறநறன்னுதான் இருக்கு. கறுத்து, கல்லு மாதிரி.

பெரியம்மா: அதுதான் ருசி! புதுசுல கசப்பு தூக்கலா இருக்கும், நாளாக ஆக அடங்கும். எலுமிச்சம்பழம் ஒண்ணைப் பிழிஞ்சு ஊற வை, இளகிடும்.

மீனா சித்தி: பழைய சோறு, கெட்டித் தயிர், அதுல ஒரு நகக்கண் அளவு. பாட்டி வீட்டுத் திண்ணையே வந்துடும் ❤️

கவிதா: நார்த்த இலையும் ஒரு கட்டு குடுத்தாங்க.

பெரியம்மா: விட்டுடாத! நடு நரம்பைக் கிழிச்சுட்டு, வறுத்த மிளகாய், ஓமம், பெருங்காயம், புளி, உப்பு சேர்த்து இடி. அதுதான் வேப்பிலைக்கட்டி, பேர்லதான் வேப்பிலை.